களிம்பு ஏறும் முன்

பிப்ரவரி 9, ஞாயிறு

பள்ளியில் தினமும் பணிக்குறிப்பேடு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிப் பழகியதால், எழுதாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை. விடுப்பில் இருக்கிறவனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. இருந்தாலும் எழுதி வைப்போம்.

ஜெர்மனி வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. குயிலி விமானம் முழுக்கச் சமர்த்தாகத் தூங்கிவிட்டு, இறங்கியதிலிருந்து அழுகையை நிறுத்தவில்லை. ஏழு மாதக் குழந்தைக்கு இந்தக் குளிர் என்ன புரியும்? அறந்தாங்கியில் மார்கழிக்கே மஃப்ளர் கட்டிக்கொண்டு மைதானத்தில் விசில் ஊதுகிறவன் நான். இங்கே ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை.

எதற்கு வந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மனைவி மங்கை வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். உலோகத்தின் மேல் ஆக்சிஜன் எப்படிப் போய் ஒட்டுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் பள்ளி மைதானத்தைவிடப் பெரிய வளையத்தில் எலெக்ட்ரான்களைச் சுற்றவிட்டு, அதிலிருந்து எக்ஸ்-கதிர் எடுக்கிற கூடம் ஒன்று இங்கே இருக்கிறது. உலகத்தில் பலரும் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். மங்கை விண்ணப்பம் போட்டபோது குயிலி வயிற்றில் இருந்தாள். இப்போதுதான் ஆறு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

குயிலி புட்டிப்பாலைத் தொட மாட்டாள். அதனால் தாய் இருக்கும் இடத்தில் பிள்ளை, பிள்ளை இருக்கும் இடத்தில் நான். உதவிக்கு வந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

மங்கைக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்தி அடையாள அட்டை கொடுத்தார்கள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. விருந்தினர் விடுதியிலிருந்து கூடத்துக்குப் பனியில் நல்ல நடை. பால் கொடுக்கும் நேரத்துக்கெல்லாம் ஓடி வந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

வாசலில் ஒருவர் "வணக்கம் அண்ணை" என்றார். தூக்கிவாரிப்போட்டது. கேதீஸ் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதில் இங்கே வந்துவிட்டவர். மங்கை பயன்படுத்தப்போகிற கருவியைப் பராமரிக்கிற பொறியாளர்.

"பிள்ளை என்ன, குழப்படியோ?"

"இறங்குனதுலேர்ந்து ஒரே அழுக."

"காது அடைச்சிருக்கும். ரெண்டு நாளில சரிவரும், பயப்பிடாதேங்கோ. எனக்கும் ரெண்டு பெடியள் இருக்கினம்."

நல்ல மனிதர்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் ஊரிலிருந்து என் அண்ணன் சிதம்பரம் போன் செய்தார். மெட்ரிக் பள்ளித் தாளாளர் மறுபடி கேட்டாராம். ஜூன் மாதம் மங்கை அங்கே வேதியியல் ஆசிரியையாகச் சேர்வாள் என்று அண்ணனும் நானுமாகப் போய்ச் சொல்லியிருக்கிறோம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். குழந்தையோடு இருக்கிறவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மங்கையிடம் சொல்லத்தான் சரியான நேரம் அமையவில்லை. இந்த வேலை முடியட்டும் என்றிருக்கிறேன். அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். குழந்தை எழுந்துவிடுமே என்று வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் பால் கொடுத்துக்கொண்டே மங்கை சாப்பிட்டாள். நான் ஊட்டிவிட்டேன், தயிர்சாதம். அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதைக் கேட்டதில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"ஒரு செம்புத் துண்டுங்க. நகத்தளவுதான். நம்ம வீட்டுக் குடத்துல அணுவெல்லாம் கன்னாபின்னான்னு கெடக்கும். இது அப்படி இல்ல, முழுசும் ஒரே படிகம், அணு எல்லாம் வரிசை பிசகாம நிக்கும். காத்தே இல்லாத பாத்திரத்துக்குள்ள அத வெச்சு, மேல்பக்கத்தச் சுரண்டி, சூடு பண்ணி, மறுபடி சுரண்டிச் சுத்தம் பண்ணணும். அப்புறம் ஒரு வால்வத் தொறந்து துளித் துளியா ஆக்சிஜன் விடுவோம்."

"விட்டா களிம்பு ஏறும். எங்கம்மா புளி போட்டுத் தேய்ப்பாங்க."

"உடனே ஏறாது, அதுதான் விஷயமே. ஆக்சிஜன் வந்து மோதும். ரெண்டு அணுவாப் பிரிஞ்சு ஆளுக்கொரு எடத்துல உக்காரும். செம்பு அணுகூடக் கொஞ்சம் நகந்து எடம் விடும். அது சும்மா மேல ஒட்டிக்கிட்டு இருக்கறது. களிம்புன்னா ஆக்சிஜன் உள்ள பூந்து, செம்போட சேந்து, வேற பொருளாவே ஆயிடறது. ஒட்டுனது எப்ப களிம்பா மாறுது? நடுவுல ஏதாவது ஒரு நெலம இருக்கா? அதத்தான் பாக்கணும்."

எனக்கு எங்கள் காலை அணிவகுப்பு ஞாபகம் வந்தது. எல்லாப் பையன்களும் கை நீட்டி இடைவெளி பிடித்து ஒழுங்காக நிற்பார்கள். எங்கேயோ ஒரு மூலையில் தள்ளுமுள்ளு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் வரிசையே இருக்காது. "எந்த மூலைல ஆரம்பிக்குதுன்னு பாக்கப் போற, அதானே?" என்றேன்.

மங்கை வாயில் சாதத்தோடு சிரித்துவிட்டாள். "அதேதாங்க!"

சாயங்காலம் குயிலியைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசல் வரை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கையும் கேதீசும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன விஷயம் என்று அவள் வந்தபிறகு கேட்கவில்லை. எனக்கென்ன.

பிப்ரவரி 12, புதன்

பனி. துணி காயவில்லை. மங்கை ஒரு வேளைப் பாலுக்கு வரவே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

படிகம் தயாராகிவிட்டதாம். இன்றைக்கு ஆக்சிஜன் விடுகிறார்கள் என்று மங்கை காலையிலேயே பரபரத்தாள். "மத்தியானம் வர நேரமாகும்ங்க. ராகிக் கஞ்சி குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குயிலி கஞ்சியைத் துப்பினாள். என் சட்டையில், தரையில், விடுதிக்காரர்களின் வெள்ளை விரிப்பில். பிறகு அழ ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு நடந்தேன். விசில் ஊதிக் காட்டினேன். பனியைக் காட்டினேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். மங்கைக்கு இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. நாற்பது பையன்களை ஒரு விசிலில் நிறுத்துகிறவன், ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அந்த அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

குழந்தை உடம்பு சுட்டது. அழுதால் எந்தக் குழந்தைக்கும் கொஞ்சம் சுடும்தான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது சொச்சம்.

மூன்றாவது முறை எடுத்தாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"ஐயோ. எவ்வளவு?"

"நூத்தி ரெண்டு" என்று வாயில் வந்துவிட்டது.

கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் பனி. குயிலி பால் குடித்த வேகத்தில் தூங்கிப்போனாள். மங்கை நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப சுடலையே."

"எறங்கிருச்சு போல."

குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அதை விடுவிக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அறை அமைதியாக இருந்தது. நன்றாகவே இருந்தது.

பிறகு கேதீஸ் போன் செய்தார். மங்கை எழுந்து நின்று கேட்டாள். "வால்வு" என்று மட்டும் சொன்னாள். இந்த முறை கோட்டை நான் எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆக்சிஜன் வால்வை மூடாமலேயே ஓடி வந்திருக்கிறாள். கேதீஸ் ஏதோ கூட்டத்தில் இருந்திருக்கிறார். அவர் வந்து பார்த்தபோது படிகம் முழுக்கத் தடியாகக் களிம்பு ஏறிவிட்டதாம். நடுவில் நடந்தது எதுவும் பதிவாகவில்லை. மறுபடி முதலிலிருந்து சுரண்டிச் சூடாக்க வேண்டும். ஆறு நாளில் எது போனது, எது மிச்சம் என்று அவள் விரல் விட்டு எண்ணியதைப் பார்த்தேன்.

"என் தப்புதாங்க. கைய நீட்டித் திருப்புனா போதும். காய்ச்சல்னு சொன்னதும் எனக்குக் கண்ணே தெரியல."

"விடு" என்றேன்.

காலை தோசையைத் தொடவில்லை. கிளம்புமுன் குயிலிக்கு ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தெர்மாமீட்டரை எடுத்து அழுத்தினாள். அழுத்தியதும் கடைசியாக எடுத்த அளவு ஒரு கணம் தெரியும் போலிருக்கிறது. 99.1. அது மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையின் அக்குளில் வைத்தாள். சரியாக இருந்தது. தெர்மாமீட்டரை அதன் உறையில் போட்டு மூடி, மேசை மேல் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

பழைய அளவைக் காட்டும் என்பது எனக்குத் தெரியாது.

இன்றைக்கு வேறெதுவும் எழுத இல்லை.

பிப்ரவரி 15, சனி

குயிலியைப் போர்த்திச் சுற்றிக்கொண்டு காலையிலேயே கூடத்து வரவேற்பறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அறையில் ஹீட்டர் சரியில்லை என்று மங்கையிடம் சொன்னேன். ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே இருந்தால் அவள் பனியில் ஓடி வர வேண்டியதில்லை. கதவைத் திறந்து வந்து, பால் கொடுத்துவிட்டு, உடனே உள்ளே போய்விடலாம். கேதீஸ் ஒரு சின்ன அறையைத் திறந்து கொடுத்தார்.

மத்தியானம் அவர் எனக்குக் காபி கொண்டு வந்தார்.

"உங்கட மனிசி ரெண்டு நாளாச் சாப்பிடேல்ல அண்ணை. நீங்கள் சொன்னாத்தான் கேப்பா."

"நான் சொல்றத இப்ப கேக்க மாட்டா." பேச்சை மாற்றுவதற்காக, "சுத்தம் பண்ணி முடிஞ்சிருமா?" என்றேன்.

"நாளைக்குக் காலமை முடியும். பிறகு ஒருக்கா செய்யலாம். ஒரே ஒருக்காத்தான். திங்கள் அடுத்த ஆக்கள் வந்திடுவினம்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யோசிக்காதேங்கோ. போன வருசம் ஒராள் கிழமை முழுக்கச் சுத்தமாக்கிப்போட்டு அப்பிடியே ஊருக்குப் போனவர்."

சிரித்துவிட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "செவ்வாய்க்கிழமை நீங்கள் என்னவோ சொன்னீங்களாமே, பள்ளிக்கூடப் பெடியள் வரிசையில நிண்டு தள்ளுப்படுறது எண்டு. மனிசி வந்து சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கேல்ல. 'எங்க வீட்டுக்காரர் ஒரே வரியில சொல்லிட்டார்' எண்டு ஒரே பெருமை. இனி வாற மாணவருக்கு நான் அப்பிடித்தான் விளங்கப்படுத்தப்போறன்."

காபி ஆறிவிட்டது. குடித்தேன்.

மாலைப் பாலுக்கு மங்கை வந்தபோது கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மங்கை, ஒண்ணு சொல்லணும்."

"ஸ்கூல் விஷயமா?"

குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"தாளாளர் எனக்கு வாட்ஸப்புல பூங்கொத்துப் படம் போட்டு 'வருக வருக'ன்னு அனுப்பியிருந்தார். நாம டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே."

"அப்பவே ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா சண்ட வரும். சண்ட வந்தா நீங்க கெளம்பியிருக்க மாட்டீங்க. இவள இங்க யாரு வெச்சிருப்பா?" கோபமே இல்லாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். மாதக்கணக்கில் மனதில் வைத்துக்கொண்டு, எனக்குச் சாதம் போட்டு, என்னோடு ஒரே விமானத்தில் வந்திருக்கிறாள்.

"அந்தக் காய்ச்சல்..." என்று ஆரம்பித்தேன்.

"அத இப்ப பேச வேணாம். பேசுனா என்னால உள்ள போயி வேல பாக்க முடியாது."

தயிர்சாத டப்பாவைத் திறந்து நீட்டினேன். கொஞ்சம் சாப்பிட்டாள். தானே எடுத்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நான் உள்ளே போனேன்.

காலையில் கேதீஸ் வெளியே வந்து, பார்வையாளர் அட்டை ஒன்றை என் கழுத்தில் மாட்டினார். "பிள்ளைய இஞ்ச தாங்கோ, நான் வைச்சிருக்கிறன். நீங்கள் போய்ப் பாருங்கோ."

"உள்ள நீங்க வேணாமா?"

"எல்லாம் சரியாக்கிக் குடுத்திட்டன். மனிசிதான் உங்களை வரச் சொன்னவ."

உள்ளே ஒரே இரைச்சல், அரிசி ஆலை மாதிரி. எங்கே பார்த்தாலும் எஃகுக் குழாய்கள், அவற்றின் மேல் ஓட்டல் பொட்டலம்போல் அலுமினியத் தாள் சுற்றியிருந்தார்கள். உருண்டைப் பாத்திரம் ஒன்றில் கண்ணாடிச் சாளரம் இருந்தது. மங்கை காட்டினாள். குனிந்து பார்த்தேன். சின்னதாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று ஒரு துண்டு. இதற்காகவா இவ்வளவும் என்று கேட்கும் அளவுக்குச் சின்னது.

வால்வைத் துளி திறந்தாள். துண்டில் ஒரு மாற்றமும் இல்லை. "அதப் பாத்தா தெரியாது. இங்க பாருங்க" என்று திரையைக் காட்டினாள். தட்டையான கோட்டில் ஒரு மேடு மெல்ல எழுந்தது.

"ஒட்டுது. இது ஒட்டுன ஆக்சிஜன்."

மேடு வளர்ந்தது. பிறகு வளராமல் நின்றது.

"எடமெல்லாம் நெறஞ்சிருச்சு. இனிமே கொஞ்ச நேரம் எதுவும் ஏறாது. காத்திருக்கணும்."

காத்திருந்தோம். ஆக்சிஜன் போய்க்கொண்டே இருந்தது, கோடு அசையவில்லை. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் அவளுக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வெளியே குயிலி அழுகிறாளோ என்று எனக்குக் காது முழுக்க அங்கேயே இருந்தது. மங்கைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பினாள். "நான் வேணா போயிப் பாக்கறேன், நீ இரு" என்றேன். "வேணாம், நில்லுங்க" என்றாள்.

மேட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு.

"களிம்பா?"

அவள் மூச்சுவிடாமல் தலையை ஆட்டினாள். "இல்ல. களிம்பு இன்னும் தள்ளி வரும். இது ஒட்டுனதும் இல்ல, களிம்பும் இல்ல." என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்குங்க. நடுவுல ஒண்ணு இருக்கு."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அவள் சொன்ன இடத்தில் மூன்றாவதாக ஒன்று எழும்பியது. அதுதான் களிம்பு. அது எழ எழ, நடுவில் இருந்தது தேய்ந்து காணாமல் போயிற்று. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"போதும். மூடணும்" என்றாள். வால்வின் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். "வலப்பக்கமாத் திருப்புங்க. மெதுவா, நிக்கிற வரைக்கும்."

திருப்பினேன். நின்றது. அவள் என் கை மேல் கை வைத்து, இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்தால், குயிலி கேதீசின் தோளில் அவருடைய அட்டைக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 17, திங்கள்

மூட்டை கட்டினோம். ஒரு தடவை பார்த்தது போதாதாம். அதே மாதிரி மறுபடியும் வந்தால்தான் நாலு பேர் நம்புவார்கள். வியாழக்கிழமை வீணாகாமல் இருந்திருந்தால் அதற்கும் நேரம் இருந்திருக்கும். இதை அவள் சொல்லவில்லை.

"மறுபடி எழுதிப் போடணும். கெடச்சா அக்டோபர்" என்று மட்டும் சொன்னாள்.

நான் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப பேசலாமா?"

"ம்."

"எங்கிட்ட எதுக்கு வேணாலும் சண்ட போடுங்க. வேலைக்கு, வீட்டுக்கு, எதுக்கு வேணாலும். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும் இனிமே பொய் சொல்லாதீங்க. நாளைக்கு நெசமாவே காய்ச்சல்னு நீங்க கூப்பிட்டா நான் நம்பணும்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன் சொன்னீங்க?"

தெரியவில்லை என்றேன். பிறகு, "நீ வந்தாப் போதும்னு இருந்துச்சு" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். நான் மடித்த சட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 19, புதன்

திருச்சி விமான நிலையத்துக்கு அண்ணன் கார் எடுத்து வந்திருந்தார். மங்கையும் குயிலியும் பின்னால், நான் முன்னால். கீரனூர் தாண்டும் வரை அண்ணன் வீட்டுக் கதை, பக்கத்து மனைத் தகராறு எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஆமா, போன காரியம் நல்லபடியா முடிஞ்சுச்சா தம்பி?"

"பாதி முடிஞ்சிருக்குண்ணே."

"பாதியா? மிச்சத்த யாரு முடிப்பா?"

"மங்கைதான். கெடச்சா அக்டோபர்ல மறுபடி போகணும்."

அண்ணன் வேகத்தைக் குறைத்தார். குரலையும் குறைத்தார். "தாளாளர்ட்ட ஜூன்னு சொல்லியிருக்கமேடா."

"நாமதாண்ணே சொன்னோம். மங்கை சொல்லலையே. நாளைக்கு நானே போயி அவர்ட்ட பேசிட்டு வந்துர்றேன்."

புதுக்கோட்டை வரை அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். அண்ணனிடம் இதுவரை எதற்கும் மாட்டேன் என்று சொன்னவனில்லை. ஊருக்குள் நுழையும்போது சட்டென்று கேட்டார்.

"சரி, அங்க போனா பிள்ளய யாரு பாத்துக்குவா?"

"நான்தான். இந்தத் தடவையும் நான்தானே பாத்துக்கிட்டேன்."

பின் இருக்கையிலிருந்து மங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், வாய்விட்டுச் சிரித்தாள். குயிலியும் என்னவென்று தெரியாமல் கூடச் சேர்ந்து கத்தினாள். அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் திரும்பவில்லை. ரொம்பப் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னலை இறக்கிவிட்டேன்.